கைதுக்கு முந்திய கண்காணிப்பு: சந்தேகம் சாட்சியமாகும் காலம்

பயங்கரவாதச் செயலொன்றுக்குத் திட்டமிடுவதாகச் சந்தேகிக்கப்படும் ஒருவரைப் பொலிஸார் எந்த வேளையில் கைது செய்ய வேண்டும்? முந்தினால் நீதிமன்றத்தில் முன்வைப்பதற்குப் போதிய சாட்சியம் இராது. பிந்தினால் அப்பாவிகளின் உயிர்கள் பறிபோகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே இரகசியக் கண்காணிப்பு நடைபெறுகின்றது. பிரித்தானியாவில் 2004 முதல் 2006 வரை இடம்பெற்ற சம்பவங்கள் அதன் பயனையும் ஆபத்தையும் ஒருங்கே உணர்த்துகின்றன.

2006 ஜூன் மாதத்தில் பாகிஸ்தானிலிருந்து இலண்டன் திரும்பிய அப்துல்லா அஹமட் அலி என்பவரின் பயணப் பொதி, ஹீத்ரோ விமான நிலையத்தில் அவர் அறியாதவாறு திறந்து சோதிக்கப்பட்டது. அதில் குளிர்பானத் தூளும் பெருமளவு மின்கலங்களும் காணப்பட்டன. இவற்றை வைத்திருப்பது குற்றமன்று. ஆகவே அவர் கைது செய்யப்படாது பின்தொடரப்பட்டார். வோல்தம்ஸ்டோ பகுதியில் அவரும் கூட்டாளிகளும் பயன்படுத்திய வீட்டினுள் எம்.ஐ.5 புலனாய்வுப் பிரிவினர் கமராவையும் ஒலிவாங்கியையும் இரகசியமாகப் பொருத்தினர். திரவ வெடிபொருளை நிரப்புவதற்காகக் குளிர்பானப் போத்தல்களில் துளையிடப்படுவதை அவர்கள் அவதானித்தனர். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து செல்லும் பயணிகள் விமானங்களே இலக்கு என்பது பின்னர் வெளியாகியது.

மேலும் சில நாட்கள் பொறுத்திருந்து சாட்சியங்களைத் திரட்டவே பிரித்தானியப் பொலிஸார் விரும்பினர். ஆயினும், சூழ்ச்சியுடன் தொடர்புடையவரெனக் கருதப்பட்ட ரஷீத் ரவூப் பாகிஸ்தானில் கைதானதையடுத்து, ஓகஸ்ட் 9ஆம் திகதி இரவே கைதுகளைத் தொடங்க நேர்ந்தது. இந்த அவசரத்தின் விளைவு நீதிமன்றத்தில் தெரிந்தது. 2008இல் மூவர் கொலைச் சதிக்குக் குற்றவாளிகளாகக் காணப்பட்ட போதிலும், விமானங்களே இலக்கு என்பது தொடர்பில் ஜூரிகள் முடிவுக்கு வரவில்லை. 2009இல் நடைபெற்ற மறுவிசாரணையிலேயே அக்குற்றச்சாட்டும் நிரூபணமாகியது. அலிக்கு ஆகக்குறைந்தது 40 ஆண்டுகளுடன் கூடிய ஆயுட்காலச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கண்காணிப்பு எப்போதும் வெற்றியளிப்பதில்லை. 2004இல் மேற்கு இலண்டன் களஞ்சியமொன்றில் சுமார் 600 கிலோகிராம் அமோனியம் நைத்திரேற்று உரம் வைக்கப்பட்டிருந்தது. ஊழியர்கள் அளித்த தகவலின் பேரில் அதனைக் கண்டறிந்த பொலிஸார், உரத்தை அகற்றி ஆபத்தற்ற பொருளை அவ்விடத்தில் வைத்துவிட்டு, உரியவர்களைக் காத்திருந்து கைது செய்தனர். ஆனால், அக்குழுவின் தலைவரைச் சந்தித்துச் சென்ற முகம்மது சித்தீக் கான் தீவிரமாகப் பின்தொடரப்படவில்லை. ஒருவரை இரவு பகலாகக் கண்காணிப்பதற்குப் பெருந்தொகையான உத்தியோகத்தர்கள் தேவைப்படுவதால், எவருக்கு முன்னுரிமை அளிப்பது என்பது தீர்மானிக்கப்பட வேண்டியுள்ளது. 2005 ஜூலை 7ஆம் திகதி 52 பேரைப் பலிகொண்ட இலண்டன் குண்டுத்தாக்குதல்களுக்குத் தலைமை தாங்கியவர் அதே கான் ஆவார்.

இரண்டு வாரங்களின் பின்னர் எதிர்மாறான தவறு நிகழ்ந்தது. ஜூலை 22ஆம் திகதி, சந்தேக நபர் வசிப்பதாகக் கருதப்பட்ட மாடிக்கட்டடத்திலிருந்து பிரேசில் நாட்டு மின்னியலாளர் ஒருவர் வெளியேறினார். கண்காணிப்பில் இருந்தவர் இயற்கை உபாதைக்காகச் சென்றிருந்தமையால் அவரை வீடியோவில் பதிவு செய்ய இயலவில்லை. ஆளடையாளம் உறுதிப்படுத்தப்படாமலேயே பின்தொடரப்பட்ட அந்த 27 வயது இளைஞர், ஸ்டொக்வெல் சுரங்க ரயில் நிலையத்தில் தலையில் சுடப்பட்டு உயிரிழந்தார். அவருக்கும் பயங்கரவாதத்திற்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை. 2007இல் பாதுகாப்பு விதிகளை மீறியமைக்காக இலண்டன் பெருநகரப் பொலிஸாருக்கு 175,000 பவுண் அபராதம் விதிக்கப்பட்டது.

இச்சம்பவங்கள் எமது நாட்டிற்கும் பொருந்துவனவாகும். 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்திற்குக் குறையாத அதிகாரி ஒருவரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்பதற்கு இடமளித்தது. முதலில் கைது, அதன் பின்னரே சாட்சியம் என்ற இம்முறையினால் தமிழ் இளைஞர்கள் பலர் நீண்டகாலம் சிறைகளில் வாட நேர்ந்தது. மறுபுறத்தில், 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை கிடைத்திருந்தும், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் தடுக்கப்படவில்லை. 250க்கும் மேற்பட்டோர் பலியாகினர். அதன் பின்னர் தாக்குதலுடன் சம்பந்தமேயற்ற முஸ்லிம்கள் பலர் கைதாகினர். தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் உத்தரவிட்டது.

கண்காணிப்பு ஒரு சமூகத்தின் மீதன்றி, குறிப்பிட்ட நபர் மீது, குறிப்பிட்ட தகவலின் பேரில், சட்டத்தின் மேற்பார்வையில் அமைய வேண்டும். அவ்வாறு அமையும்போது, தாக்குதலுக்கு இலக்காகக்கூடிய மக்களுக்கும் தவறாகச் சந்தேகிக்கப்படக்கூடியவர்களுக்கும் அது ஒருசேரப் பாதுகாப்பளிக்கும். அக்கடமையில் தவறும் அரசு, பின்னர் எத்தனை பேரைக் கைது செய்தாலும் இழந்த உயிர்களை மீட்க முடியாது.