ஒரே இரவில் எழுதிய நாடகம்: சங்கரதாஸ் சுவாமிகளின் இசையமைப்பு குறித்து ஒரு மறுப்பு

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) பெரிய நாடகாசிரியர் என்பதை எவரும் மறுப்பதில்லை. அவர் இசையமைப்பாளரா என்று கேட்டால் மட்டும் ஆய்வாளர்கள் தயங்குகிறார்கள். அதற்குச் சொல்லும் காரணம் ஒன்றுதான். மெட்டுகள் அவருடையவை அல்லவாம். தியாகராஜர் கீர்த்தனையிலிருந்தும் காவடிச்சிந்திலிருந்தும் பார்சி நாடகக் கம்பெனிகள் கொண்டுவந்து இறக்கிய வடநாட்டுப் பாட்டுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டு, சொல்லை மட்டும் புதிதாக வைத்தாராம். இக்கருத்து கட்டுரைக்குக் கட்டுரை எடுத்தாளப்பட்டு, இப்போது ஆதாரம் கேட்பாரற்ற முடிவாக நிலைத்துவிட்டது. அதில் பாதி உண்மை. மற்றப் பாதி விட்டுப்போனது எப்படி என்பதே இங்கே ஆய்வுக்குரியது.

விவாதத்தின் மையத்தில் ஒரு சான்று இருக்கிறது. சுவாமிகளின் மாணவர் தி. க. சண்முகம், 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று பதிவு செய்திருக்கிறார். பாட்டும் வசனமுமாக நான்கு மணி நேரம் ஓடக்கூடிய முழு நாடகம். கையெழுத்துப் படியில் அடித்தல் திருத்தல் இல்லை. இதை இரு தரப்பார் இரு விதமாகக் கொள்கிறார்கள். அடியார் மரபினருக்கு இது அருள் வாக்கின் அற்புதம். ஐயவாதிகளுக்கோ குருபக்தியில் பிறந்த மிகை. 1912இல் பிறந்து 1918இல் நாடகக் கம்பெனியில் சேர்ந்த ஒரு சிறுவனின் நினைவு, பல பதிற்றாண்டுகளுக்குப் பின் ஏட்டில் ஏறியது, அதை எப்படி நம்புவது என்பது அவர்கள் கேள்வி.

நேரெதிராக நிற்பதுபோலத் தோன்றும் இவ்விரு தரப்பாரும் ஓர் இடத்தில் ஒன்றாகவே தடுக்கி விழுகிறார்கள். இரவு எவ்வளவு நீளம் என்று அளந்துகொண்டிருக்கிறார்களே தவிர, அந்த இரவு தொடங்கும்போது சுவாமிகள் கையில் என்னென்ன இருந்தன என்று கேட்கவில்லை.

கதை இருந்தது. 'அபிமன்னன் சுந்தரி மாலை' மக்களிடையே வழங்கிய கதைப்பாடல். அல்லியும் பவளக்கொடியும் எந்த மரபிலிருந்து மேடைக்கு வந்தார்களோ அதே மரபைச் சேர்ந்தது. யாப்பு இருந்தது. வெண்பா, விருத்தம், சிந்து, கும்மி எதற்கும் அவர் நிகண்டைப் புரட்ட வேண்டியவர் அல்லர். மெட்டுகள் இருந்தன, நூற்றுக்கணக்கில். எல்லாவற்றுக்கும் மேலாக, பாடப்போகும் தொண்டைகள் இருந்தன. 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் வாத்தியார் அவர். எந்தப் பையன் எந்தச் சுருதியில் நிற்பான், எவனுக்கு மேல் ஸ்தாயி எட்டும், எவனுக்குத் தாளம் பிசகும் என்பதெல்லாம் நாள்தோறும் பாடம் சொல்லிக்கொடுத்து அவர் அறிந்தவை. அபிமன்யு வேடமே சிறுவன் சண்முகத்துக்காக எழுதப்பட்டது.

இவையெல்லாம் கையிலிருந்தால் அந்த இரவில் தீர்மானிக்க வேண்டியது என்ன மீதமிருக்கிறது? எந்த மெட்டு யாருக்கு, எந்த விருத்தத்துக்குப் பிறகு, எத்தனை கண்ணி, எந்த இடத்தில் தாளம் மாற வேண்டும், எங்கே பாட்டை நிறுத்தி வசனத்தை விட வேண்டும் என்பவைதான். அடித்தல் திருத்தல் இல்லாத படி எனக்கு அற்புதமாகத் தோன்றவில்லை, பொய்யாகவும் தோன்றவில்லை. மெட்டைத் தேடிக்கொண்டே எழுதுகிறவன் அடிப்பான், திருத்துவான். மெட்டு முன்னமே காதில் ஒலிக்க, அடுக்கை மட்டும் முடிவு செய்கிறவனுக்கு அதற்கான தேவை மிகக் குறைவு. ஆக, சண்முகத்தின் சான்று ஒரு வேலைமுறைக்கான சாட்சி. சுவாமிகள் இசையமைத்த அலகு தனிப்பாட்டு அன்று; மேடையில் நிகழும் ஒரு முழு இரவு.

சிறுவனின் சாட்சி என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஓர் இரவு என்பது ஒன்றரை இரவாகவே இருந்தாலும் என் வாதம் மாறாது. தவிர, அந்த நாடகத்தைத் தானே நடித்துப் பாடியவரின் நினைவு, மேடை காணாத பெரியவர்களின் ஊகத்தைவிட மதிப்புடையது.

இரவை அலகாகக் கொள்வது என் கற்பனை என்று நினைப்பவர்கள், காஞ்சிபுரம் பக்கத்து ஏனாத்தூரிலிருந்து உத்திரமேரூர் வரையுள்ள ஊர்களில் பாரதம் வைக்கும் (மகாபாரதக் கதையைக் கூத்தாக நடத்தும்) காலத்தில் ஒரு கூத்தை விடிய விடியப் பார்க்கலாம். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, கட்டியக்காரன் வரவு, திரைக்குப் பின்னிருந்து வேடக்காரன் பாடும் பாட்டு, பிறகு விருத்தம், தரு, பின்பாட்டு. தனித்தனியாக எடுத்தால் இவற்றில் எந்த மெட்டையும் எந்த வாத்தியாரும் தன்னுடையது என்று சொல்வதில்லை. ஆனாலும் ஒரு ஜமாவின் (கூத்துக் குழுவின்) அபிமன்னன் சண்டை இன்னொரு ஜமாவினுடையதைப் போல இருக்காது. எது எதன் பின்னால் வருகிறது, எங்கே வேகம் ஏறுகிறது, தூக்கம் வரும் வேளையில் கூட்டத்தை எந்தப் பாட்டு எழுப்பி உட்கார வைக்கிறது என்பதில்தான் வேறுபாடு. தெற்கத்தி நாடகமும் வடக்கத்திக் கூத்தும் வேறு வேறு என்பார்கள். உடையிலும் அடவிலும் வேறுதான். இரவைப் பாட்டால் பகுக்கும் முறையில் அவ்வளவு தூரம் இல்லை.

தெற்கில் இதற்கு இன்னும் உறுதியான நிரூபணம் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், பபூன் மற்றோர் ஊர். ஒத்திகை கிடையாது. சாயங்காலம் வந்து இறங்கி, இரவு பத்து மணிக்கு மேல் 'வள்ளி திருமண'த்தை விடியும்வரை நடத்திவிடுகிறார்கள். இது சாத்தியமாவது அவர்கள் எல்லோரிடமும் ஒரே அடுக்கு இருப்பதால். அந்த அடுக்கு சுவாமிகளுடையது. 1921இல் பக்கவாதம் தாக்கி அவர் பேச்சிழந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார். வாத்தியாரின் வாய் மூடிய பிறகும் நாடகங்கள் குலையாமல் நடந்தன, நூறாண்டு கடந்தும் நடக்கின்றன. வெறும் சொல்லை எழுதியவரின் ஆட்சி இவ்வளவு காலம் நிற்குமா?

இனித் தாளம். சுவாமிகள் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்றவர். 'வண்ணத்தியல்பு' இயற்றிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளே இவர் என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. பின்னர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் அரவணைப்பில் மகனைப்போல் இருந்து லயம் பயின்றார். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த அதே மான்பூண்டியா பிள்ளைதான். இவ்விரண்டையும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாகச் சொல்லிக் கடந்துபோவதே வழக்கம். எனக்கு இவைதான் முதன்மையாகப் படுகின்றன. சந்தம் இறுகிய பாட்டில் தாளத்தின் வெட்டும் ஓட்டமும் எழுத்திலேயே அமைந்துவிடுகின்றன. ராகத்தை மாற்றிப் பாடினாலும் அந்த நடை மாறாது. மெட்டு இரவலாக இருக்கலாம், நடை இரவல் அன்று.

இந்த லய மரபு புதுக்கோட்டையோடு நின்றுவிடவும் இல்லை. மான்பூண்டியா பிள்ளையின் மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. அவருடைய கஞ்சிரா உள்ளிட்ட பக்கவாத்தியங்களை வரிசையாக உட்காரவைத்து 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி செய்தவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934). திருப்புகழைக் கடினமான தாளங்களில் கச்சேரி மேடையில் நிறுத்தியவரும் அவரே. சுவாமிகளின் நாடக மேடையும் நாயனாப் பிள்ளையின் கச்சேரி மேடையும் ஒரே பட்டறையில் கூர்தீட்டப்பட்டவை என்று சொன்னால் அது மிகையாகாது என்றே கருதுகிறேன். கச்சேரி மேலிருந்து கொடுத்தது, நாடகம் கீழிருந்து வாங்கிக்கொண்டது என்ற வழக்கமான படத்தில் இந்த உறவுக்கு இடமே இல்லை. சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபையில் பயின்ற எஸ். ஜி. கிட்டப்பாவின் (1906–1933) இசைத்தட்டுகளைக் கேட்பவர்களுக்கு எது நாடகப் பாட்டு, எது கச்சேரிப் பாட்டு என்ற எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று சொல்வது எளிதாக இராது.

இரவல் என்ற குற்றச்சாட்டின் மூல ஆதாரத்தையும் பார்த்துவிடலாம். அக்கால நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் இருக்கும். சில பாட்டுகளுக்கு இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்ற குறிப்பும் இருக்கும். மெட்டு எங்கிருந்து வந்தது என்று ஒளிக்காமல் அச்சிட்ட அந்த வரியையே எடுத்து, இதோ ஒப்புதல் வாக்குமூலம் என்கிறார்கள். வர்ணமெட்டுக் குறிப்பு இல்லாமல் ராக தாளம் மட்டும் உள்ள பாட்டுகளை என்ன செய்வது என்பதற்குப் பதில் இல்லை.

ஒப்புநோக்க ஓர் அயல்நாட்டுச் சான்று. நியூயார்க் நாடக மேடையில் 'பேப்ஸ் இன் டாய்லாண்ட்' (1903), 'நாட்டி மாரியட்டா' (1910) போன்றவற்றுக்கு இசையமைத்த விக்டர் ஹெர்பர்ட் (1859–1924) கச்சேரி மேடைக்குச் செல்லோ கான்செர்ட்டோக்களும் எழுதியவர். அவருடைய இசை அடுத்தவர்களைப் பார்த்து எழுதியது என்று 'மியூசிக்கல் கூரியர்' இதழ் 1901இல் எழுதியது. அவர் அவதூறு வழக்குத் தொடுத்து 1902இல் வென்றார். நடுவர்கள் 15,000 டாலர் தரச் சொன்னார்கள், மேல்முறையீட்டில் தொகை குறைந்தது. மேடைக்கு எழுதுகிறவன் மெட்டுத் திருடன் என்ற சந்தேகம் நம்மூருக்கு மட்டும் உரியது அன்று என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். ஆனால் ஹெர்பர்ட்டின் கையில், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அவரே எழுதிய சுரப்படிகள் இருந்தன. சுவாமிகளிடம் அவை இல்லை. சுரப்படி இல்லாதவனுக்கு இசையமைப்பாளன் என்ற பெயரே கிடையாது என்றால், முத்துத்தாண்டவரையும் அருணாசலக் கவிராயரையும் அந்தப் பட்டியலிலிருந்து அடிக்க வேண்டியிருக்கும். அதற்கு எவரும் துணியமாட்டார்கள்.

சுவாமிகளின் எல்லாப் பாட்டுக்கும் இக்கருத்து ஒரே அளவில் பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. சில பாட்டுகளில் மூலக் கீர்த்தனையின் நிழல் அப்படியே விழுந்திருக்கிறது. அவசரத்துக்குச் சேர்த்தவை என்று கேட்டாலே தெரியும். அவற்றை வைத்து முழு நாடகத்தின் இசையையும் எடை போடக் கூடாது.

ஆகவே, பதிப்பாளர்களே, நாடக நூல்களை மறுபதிப்புச் செய்யும்போது பாட்டின் தலைப்பிலுள்ள ராகம், தாளம், வர்ணமெட்டுக் குறிப்புகளைத் தேவையற்றவை என்று கருதி நீக்கிவிடாதீர்கள். பாட்டுகளைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்காதீர்கள். முதல் விருத்தத்திலிருந்து மங்களம் வரை அச்சில் வந்த வரிசையிலேயே பதிப்பியுங்கள். ஸ்பெஷல் நாடக ஆர்மோனியக்காரர்கள் இன்று எந்தப் பாட்டை எந்த மெட்டில் எடுக்கிறார்கள் என்பதை அதே வரிசையில் ஒலிப்பதிவு செய்யும் வேலையை இசைத்துறைகள் உடனே தொடங்க வேண்டும்.