தொட்டியைத் தொங்கவிட்டவர் யார்?

கொம்புப் பல்லி வளர்க்க விரும்புவோருக்கு முதற்சிக்கல் இரை. வட அமெரிக்க வறண்ட நிலங்களுக்குரிய இப்பல்லிகளுள் பல, போகோனோமிர்மெக்ஸ் என்னும் விதை சேர்க்கும் எறும்பையே பெரிதும் நம்பி வாழ்பவை. அப்பேரினம் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இல்லை. ஹெப்பகோடியில் ஒருவர் அதைத் தேடிப் புறப்பட்டால் வெறுங்கையோடுதான் திரும்புவார். ஆயினும் தானியம் சேர்க்கும் வேறு எறும்புகள் நம் மண்ணில் உண்டு. கேழ்வரகு விளையும் ஆனேக்கல் வட்டத்து உழவருக்கு அது செய்தியே அன்று. ஐரோப்பிய அறிவியலுக்கோ அது நெடுநாள் நம்பமுடியாத செய்தியாக இருந்தது.

எறும்பு கோடையில் தானியம் சேர்க்கிறது என்பதைப் பழைய யூத நூல்கள் ஐயமின்றிப் பேசுகின்றன. எறும்பு வளையில் கிடக்கும் தானியம் நிலக்காரருக்கா, ஏழைகளுக்கா என்று சட்டவிதி வகுக்கும் அளவுக்கு மிஷ்னா அதை நடைமுறைச் செய்தியாகக் கொண்டது. 1747-இல் இங்கிலாந்து எறும்புகளைப் பற்றி எழுதிய வில்லியம் கூல்டும், 1810-இல் ஜெனீவாவிலிருந்து எழுதிய பியர் ஹூபரும் இதை ஏற்கவில்லை. தாம் கண்ட எறும்புகள் அவ்வாறு செய்யவில்லை. ஆகவே முன்னோர் கூட்டுப்புழுக்களைத் தானியமென மயங்கினர் என்ற விளக்கம் நிலைபெற்றது. குளிர்நாட்டு எறும்பின் இயல்பு உலக எறும்பின் இயல்பாயிற்று.

அந்த முடிவை முதலில் அசைத்த சான்று இந்தியாவிலிருந்து சென்றது. பம்பாய்ப் படையின் அதிகாரி டபிள்யூ. எச். சைக்ஸ், புனே அணிவகுப்புத் திடலருகே ஒரு ஜூன் மாதக் காலையில் சிறுசிறு விதைக்குவியல்களைக் கண்டார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு கைப்பிடி. நம் சாமையின் பேரினமான பானிக்கத்தின் விதைகள். மழையில் நனைந்த சேமிப்பை எறும்புகள் வெயிலில் உலர்த்தக் கொண்டுவந்திருந்தன. அக்டோபரிலும் அதே காட்சி. ஐரோப்பியர் கூற்றுக்கு இது முரண் என்பதை உணர்ந்தே, தாம் கண்டவை விதைகளே, கூட்டுப்புழுக்கள் அல்ல என்று அவர் தனியே உறுதிசெய்தார். 1835-இல் வெளியான கட்டுரையில் அவ்வெறும்புக்கு இட்ட சிறப்புப் பெயர் ‘புரோவிடென்ஸ்’. வருவதை முன்னுணர்ந்து சேர்ப்பது என்று பொருள்.

என்னை அதிகம் ஈர்ப்பது அடுத்த சான்று. சென்னைப் படை மருத்துவர் டி. சி. ஜெர்டன், தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை 1851-இல் மெட்ராஸ் இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். முட்டைகோஸ், முள்ளங்கி, கேரட், தக்காளி விதைகளை எறும்புகள் கொண்டுபோகும். லெட்யூஸ் விதை என்றால் தனி விருப்பம். சில தோட்டங்களில் விதைத்த அனைத்தும் ஒரே இரவில் மறையும் என்கிறார். அவர் அறையிலிருந்த விதைப் பொட்டலங்களும் தப்பவில்லை. இத்தனைக்கும், எறும்புகள் விதையை எதற்காக எடுத்துச்செல்கின்றன என்பது தமக்கு விளங்கவில்லை என்றே முடிக்கிறார்.

அதே பத்தியில், போகிறபோக்கில், ஒரு செய்தி இருக்கிறது: விதைத்த தொட்டிகளைத் தொங்கவிட வேண்டும், அல்லது வேறுவகையில் காக்க வேண்டும். இதைச் செய்தவர் யார்? லெட்யூஸ் வெள்ளையர் பங்களாத் தோட்டத்துப் பயிர். அதற்கு நீர்விட்டவர் உள்ளூர்த் தோட்டக்காரர். பாலையும் தயிரையும் எறும்புக்கு எட்டாமல் உறியில் ஏற்றிவைத்த வீடுகளிலிருந்து வந்தவர். தொங்கிய தொட்டி அவருடைய கைவேலை என்பது என் ஊகம்தான்; ஆனால் வலுவற்ற ஊகம் அன்று. எறும்பு விதை திருடுமா என்று ஐரோப்பியப் புலமை ஐயுற்றிருந்த காலத்தில், அது திருடும் என்னும் முடிவின்மேல் ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. காலனிய இயற்கை வரலாற்றில் உள்ளூர் அறிவைத் தேடும் மாணவர்கள் நன்றியுரைகளைப் புரட்டுவார்கள். அங்கே கிடைப்பது குறைவு. தற்காப்பு ஏற்பாடுகளைப் பற்றிய இத்தகைய துணை வாக்கியங்களில்தான் அது ஒளிந்திருக்கிறது.

பிறகு நடந்தது விரைவானது. நுரையீரல் நோயால் பிரான்சின் மாந்தோன் நகரில் குளிர்காலத்தைக் கழித்த மாக்ரிட்ஜ், எறும்பு வளைகளைத் தோண்டி விதைக்களஞ்சியங்களை நேரில் கண்டு 1873-இல் நூலாக்கினார். சைக்ஸ், ஜெர்டன் இருவரின் சான்றும் அதில் இடம்பெற்றது. வழக்கு முடிந்தது, மறு ஆண்டே அவரும் மறைந்தார்.

இன்று தென்னிந்தியாவில் இத்தகைய எறும்பைத் தேடுவோர் டிரைக்கோமிர்மெக்ஸ் ஸ்கேப்ரிசெப்ஸைத் தேடலாம். திறந்த, வெயில்படும் மண்ணில் வளை. வாயிலைச் சுற்றி உமியும் விதைத்தோலும் வட்டமாகக் குவிந்திருக்கும். ஹெப்பகோடியில் கேழ்வரகுக் கொல்லைகள் ஆலைகளாகவும் மனைப்பிரிவுகளாகவும் மாறிவருகின்றன. சிமென்ட் பூசிய தரையில் அந்த வட்டம் உருவாவதில்லை. டெக்சாஸிலும் கொம்புப் பல்லிக்கு நேர்ந்ததில் ஒரு பகுதி இதுவே. செல்லப்பிராணி வணிகத்துக்காகப் பிடிக்கப்பட்டதோடு, வாழிடமும் சுருங்கி, அயலிலிருந்து வந்த நெருப்பெறும்பால் இரையும் குறைந்தது. பல்லியைப் பிடிக்க அம்மாநிலம் தடை விதித்தது 1967-இல். அதன் இரையான எறும்புக்கு அப்படியொரு காப்பு அப்போது கிடைக்கவில்லை.