ஓஸ் கதைத் தழுவல்களின் இசை: ‘வீடு’ பெறும் பொருள்மாற்றம்

முன்னுரை

ஓர் இலக்கியப் படைப்பு மேடைக்கோ திரைக்கோ செல்லும்போது எப்பாத்திரம் நீக்கப்பட்டது, எந்நிகழ்ச்சி சேர்க்கப்பட்டது என்பனவே பெரும்பாலும் ஆராயப்படுகின்றன. கதைமாற்றம் எளிதில் புலப்படுவது. இசை செய்யும் மாற்றம் அவ்வாறு புலப்படுவதில்லை. ஆயினும் ஒரு பாடல் அமையும் இடமும் ஒரு மெட்டின் போக்கும் மூலத்தின் பொருளையே திசைதிருப்பிவிடக்கூடும். அவ்வகையில் இசை, மூலத்திற்கு எழுதப்பெறும் உரையை ஒத்தது. அமெரிக்க எழுத்தாளர் எல். பிராங்க் பாம் 1900ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி வொண்டர்ஃபுல் விசார்ட் ஆஃப் ஓஸ்’ என்னும் சிறுவர் புனைகதை, நூறாண்டுகளுக்கு மேலாக இத்தகைய இசையுரைகள் பலவற்றைப் பெற்றுள்ளது. அவற்றுள் ஐந்தினை ஒப்பிட்டு, ‘வீடு’ என்னும் கருத்து அவற்றில் அடையும் மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலநூலில் வீடு

கான்சஸ் சமவெளியில் அத்தையுடனும் மாமாவுடனும் வாழும் சிறுமி டோரதியைச் சூறாவளி வீட்டோடு தூக்கிச் சென்று ஓஸ் நாட்டில் இறக்குகிறது. நிலம், வானம், வீடு, அத்தையின் கண்கள் என அனைத்தையும் சாம்பல் நிறமாகவே பாம் வருணிக்கிறார். எனினும் அவ்விடத்தை விட்டு நீங்க வேண்டும் என்னும் ஏக்கம் மூலநூலின் டோரதிக்கு இல்லை. ஓஸை அடைந்தது முதல் அவள் நாடுவது ஊர் திரும்பும் வழியையே. ஓஸ் அவளது கனவும் அன்று. கதையுலகில் அது மெய்யான நாடு. பின்னர், 1910இல் வெளிவந்த ஆறாம் நூலில், டோரதியும் அத்தையும் மாமாவும் ஓஸிலேயே நிலையாகக் குடியேறுகின்றனர். ஆகவே, பாம் காட்டும் வீடு ஒரு நிலப்பகுதியைவிட உறவினரையே பெரிதும் சார்ந்தது எனலாம்.

1902: கதையைச் சாராத பாடல்கள்

1902 ஜூனில் சிகாகோவில் அரங்கேறி, 1903இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கை அடைந்த இசைநாடகமே முதற்பெரும் தழுவலாகும். பால் டீட்ஜென்ஸ், ஏ. பால்ட்வின் ஸ்லோன் முதலியோர் இதற்கு இசையமைத்தனர். அக்கால வழக்கப்படி, கதையோடு தொடர்பில்லாத பாடல்கள் இடையிடையே சேர்க்கப்பட்டன. சில பின்னர் மாற்றவும்பட்டன. டோரதியின் நாய்க்குப் பதிலாக மேடையில் ஒரு பசு வந்தது. இங்கு இசை கேளிக்கைக்குத் துணையாயிற்றேயன்றி மூலத்திற்கு உரையாகவில்லை. பின்வந்த தழுவல்களின் தனித்தன்மையை அளந்தறிய இதுவே தொடக்க எல்லையாக உதவுகிறது.

1939: ஏக்கம் இடம்பெயர்தல்

எம்.ஜி.எம். நிறுவனத்தின் 1939ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்கு ஹெரால்ட் ஆர்லன் மெட்டமைக்க, இ. ஒய். ஹார்பர்க் பாடல்களை இயற்றினார். பின்னணி இசை ஹெர்பர்ட் ஸ்டொதார்ட்டினுடையது. ஜூடி கார்லண்ட் பாடிய ‘ஓவர் த ரெயின்போ’ சிறந்த பாடலுக்கான ஆஸ்கர் விருதையும், ஸ்டொதார்ட்டின் பணி சிறந்த இசைக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றன.

அப்பாடலின் முதலிரு சுரங்கள் கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்திற்கு ஒரே தாவலாகச் செல்கின்றன. பின்னர் மெட்டு நிஷாதத்தைத் தொட்டுப் பஞ்சமத்திற்கு இறங்கி, தைவதம், நிஷாதம் வழியாக மீண்டும் மேல் ஸட்ஜத்தை அடைகிறது. இருக்கும் இடத்தை விட்டு எழ விரும்பும் மனத்தின் அசைவை இத்தாவல் உணர்த்துகிறது. பாடல் அமைந்துள்ள இடமும் கருதத்தக்கது. சூறாவளி வருமுன்னரே, கான்சஸ் பண்ணை முற்றத்தில் டோரதி இதனைப் பாடுகிறாள். மூலநூலில் வீடு திரும்புதலாக இருந்த ஏக்கம், இங்கு வீட்டை நீங்குதலாக இடம்பெயர்கிறது. முன்னோட்டக் காட்சிகளின்போது கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று கருதி நீக்கப்பட்ட இப்பாடல் பின்னரே மீண்டும் சேர்க்கப்பட்டது. அன்று அது நீங்கியே இருந்திருப்பின், படத்தின் டோரதி பாமின் டோரதிக்கு இன்னும் அணுக்கமாக இருந்திருப்பாள்.

பின்னணி இசையிலும் ஒரு முரண் உண்டு. தொடக்கப் பண்ணைக் காட்சியில் ஷூமனின் ‘மகிழ்வான உழவன்’ என்னும் பியானோ இசையையும், டோரதி வீட்டில் கண்விழிக்கும் இறுதிக் காட்சியில் 1823இல் ஹென்றி பிஷப் அமைத்த ‘ஹோம், ஸ்வீட் ஹோம்’ மெட்டையும் ஸ்டொதார்ட் எடுத்தாண்டுள்ளார். வீட்டை விட்டுச் செல்லும் ஆசைக்குப் புதிய மெட்டு பிறக்க, வீடு திரும்புதலுக்குப் பழகிய மெட்டு போதுமாயிற்று. ஓஸ் பயணத்தைக் கனவாக்கி, வீட்டின் பெருமையை உரையாடல் வலியுறுத்தினும், கேட்போர் நெஞ்சில் நிலைப்பது நீங்கும் ஏக்கமேயாகும்.

1975, 1978: இறுதியில் அமைந்த வீடு

சார்லி ஸ்மால்ஸ் இசையமைத்த ‘தி விஸ்’ 1975இல் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பின அமெரிக்கக் கலைஞர்கள் நடித்த இந்நாடகம், சிறந்த இசைநாடகம் உட்பட ஏழு டோனி விருதுகளைப் பெற்றது. சிட்னி லூமெட் இயக்கிய 1978ஆம் ஆண்டுத் திரைவடிவத்தில் குயின்சி ஜோன்ஸ் இசையை விரிவுபடுத்தினார். அதில் டயானா ராஸ் ஏற்ற டோரதி, நியூயார்க்கின் ஹார்லெமில் வாழும் 24 வயது ஆசிரியை. 125ஆம் தெருவுக்குத் தெற்கே சென்றறியாதவள்.

இங்கு முதன்மைப் பாடல் இறுதிக்கு நகர்கிறது. ‘ஹோம்’ என்னும் அப்பாடலைப் பயணம் முடிந்த பின்னரே டோரதி பாடுகிறாள். முந்தைய படத்தில் ஏக்கமாகத் தொடங்கியது இதில் தெளிவாக முடிகிறது. வீடு என்பது தன்னைத் தான் அறிதல் என விரிகிறது. காஸ்பெல், சோல் ஆகிய இசைமரபுகள் இத்தெளிவை ஒரு தனிமனுஷிக்கு மட்டும் உரியதாக்காமல் ஒரு சமூகத்தின் குரலாகவும் ஆக்குகின்றன.

1985: பாடலின்மை

வால்டர் மர்ச் இயக்கிய ‘ரிட்டர்ன் டு ஓஸ்’ பாமின் இரண்டாம், மூன்றாம் நூல்களைத் தழுவியது. டேவிட் ஷையரின் இசையை லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. இதில் எவரும் பாடுவதில்லை. ஓஸைப் பற்றி டோரதி கூறுவதை நோயெனக் கருதி, மின்சிகிச்சைக்கு அவளை அத்தை அழைத்துச் செல்வதே படத்தின் தொடக்கம். சொல் நம்பப்படாத சிறுமிக்குப் பாடல் தரப்படாமை பொருத்தமே. டிக்டாக் என்னும் இயந்திர மனிதனுக்கு அமைந்த ராக்டைம் அணிநடை, பாம் எழுதிய காலத்து அமெரிக்க இசையை நினைவூட்டுகிறது. 1939ஆம் ஆண்டு மெட்டைக் கடந்து மூலநூலின் காலத்திற்கே திரும்பும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம்.

2003க்குப் பின்: மறைந்து ஒலிக்கும் மெட்டு

கிரகரி மக்வையரின் 1995ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவிய ‘விக்கட்’ 2003இல் அரங்கேறியது. சூனியக்காரி எல்ஃபபாவே இதன் தலைவி. இசையமைப்பாளர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ், அவளுக்குரிய இசைக்கருவில் ‘ஓவர் த ரெயின்போ’ பாடலின் முதல் ஏழு சுரங்களைத் தாளமும் சுரச்சேர்க்கையும் மாற்றிப் பொதித்துள்ளார். டோரதியின் ஏக்கம் அவள் பகையெனக் கருதப்பட்டவளிடம் சேர்கிறது. 2025இல் வெளிவந்த இரண்டாம் திரைப்பகுதியில், ஓஸை விட்டு வெளியேறும் விலங்குகளிடம் எல்ஃபபா பாடும் ‘நோ பிளேஸ் லைக் ஹோம்’ என்னும் புதிய பாடலையும் ஷ்வார்ட்ஸ் சேர்த்தார். கான்சஸைக் குறித்த தொடர் இங்கு ஓஸைக் குறிக்கிறது. அயல்நாடாக விளங்கிய ஓஸ், அதன் குடிகளுக்குத் தாய்நிலமாகிறது.

முடிவுரை

மூலநூல் திரும்புதலைப் பாட, 1939ஆம் ஆண்டின் இசை நீங்குதலைப் பாடிற்று. ‘தி விஸ்’ வீட்டை உள்ளத்தில் வைத்தது; ஷையர் பாடலையே தவிர்த்தார்; ஷ்வார்ட்ஸ் பழைய மெட்டைக் கதையின் மறுபக்கத்திற்கு உரியதாக்கினார். பின்வந்தவர், பாமின் நூலுக்கு மட்டுமின்றி 1939ஆம் ஆண்டின் மெட்டுக்கும் விடைகூற வேண்டியிருந்தது என்பது ‘விக்கட்’ வழி உறுதிப்படுகிறது. செல்வாக்குப் பெற்ற உரை, காலப்போக்கில் மூலத்தின் இடத்தையே பெற்றுவிடுவதுண்டு. பாடல்வழி டோரதியை அறிந்தோர், வீட்டை விட்டு நீங்க ஏங்கியவளாகவே அவளைக் கருதுவர்; நூல்வழி அறிந்தோர் மட்டுமே அவ்வேக்கம் பிறர் தந்தது என்பதை உணர்வர். ஆதலின், தழுவல் ஆய்வில் இசையையும் பாடவேறுபாட்டைப் போலவே கருத்துடன் ஆராய்தல் இன்றியமையாததாகும்.