ஒற்றைத் தலைவலிக்கு நரம்புத் தூண்டல்: ஒரு வரலாறு

நரம்பின் மீது சிறு மின்துடிப்புகளைச் செலுத்தி வலியைத் தணிக்கும் முறை நரம்புத் தூண்டல் எனப்படும். மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு இது பயன்படுத்தப்படுகிறது.

தொடக்கம்

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைக்கச் சொன்னார். இடம் மரத்துப்போனதும் மீனை எடுத்துவிட வேண்டும். 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் வெளியிட்ட 'வாயில் கோட்பாடு' இத்தகைய சிகிச்சைக்கு அறிவியல் அடிப்படை தந்தது. தொடுவுணர்வைக் கடத்தும் நரம்பிழைகளைத் தூண்டினால், தண்டுவடத்திலேயே வலிச்செய்தி மட்டுப்படும் என்றனர். 1967இல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி, வலியைக் குறைக்கத் தண்டுவடத்தில் மின்முனையைப் பொருத்தினார்.

தமிழ்நாட்டில்

சென்னை அரசு பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இல் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அங்கு பணியாற்றிய டி. எஸ். கனகா (1932–2018) ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களுள் ஒருவர். 1975இல் இந்தியாவில் முதன்முதலாக மூளைக்குள் நீண்டகாலம் இருக்கும் மின்முனைகளைப் பொருத்தியவர் இவரே. அது தலைவலிக்கான சிகிச்சை அன்று. எனினும் மின்தூண்டல் மருத்துவம் இங்கு வேரூன்றிய காலம் அது.

தலையின் நரம்புகள்

1999இல் வெய்னர், ரீட் இருவரும் பிடரி நரம்பருகே மின்முனை பொருத்தும் முறையை வெளியிட்டனர். பிடரி நரம்பின் இழைகளும் முகத்தின் முப்பெருநரம்பு இழைகளும் கழுத்தின் மேற்பகுதித் தண்டுவடத்தில் சந்திக்கின்றன. அதனால் பிடரியைத் தூண்டினால் நெற்றி வலியும் குறையக்கூடும். ஆனால் மின்முனை இடம்பெயர்தல், நோய்த்தொற்று ஆகிய சிக்கல்கள் எழுந்தன. ஆய்வு முடிவுகளும் ஒருமித்து அமையவில்லை.

அறுவையின்றி நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் கருவி அடுத்து வந்தது. பெல்ஜியத்தில் 67 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், உண்மைக் கருவியைப் பயன்படுத்தியோரில் 38 விழுக்காட்டினருக்கு வலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் மேலாகவோ குறைந்தன. போலிக் கருவியில் இது 12 விழுக்காடே. 2014இல் அமெரிக்கா இக்கருவிக்கு அனுமதி வழங்கியது. 2018இல் கழுத்து வழியே வேகஸ் நரம்பைத் தூண்டும் கையடக்கக் கருவிக்கும் ஒற்றைத் தலைவலிக்கான அனுமதி கிடைத்தது.

தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும்

கம்பம், போடி பகுதிகளிலிருந்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியுமுன்பே ஜீப்பில் மலையேறுவோர் பலர். தூக்கக் குறைவும் பசியும் கடும் வெயிலும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டுபவை. வேலையை விட முடியாதவர் மாத்திரையை நாடுகிறார். மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் சாதாரண வலி மாத்திரை உட்கொள்வதே புதிய தலைவலிக்குக் காரணமாகலாம்.

2004இல் தொடங்கிய தேனி அரசு மருத்துவக் கல்லூரி கானாவிலக்கில் உள்ளது. அதற்கு முன் உயர் சிகிச்சைக்குக் கம்பத்து மக்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணித்து மதுரைக்கே செல்ல வேண்டியிருந்தது. பொருத்திய மின்முனையை அடிக்கடி சரிபார்க்க வேண்டிய சிகிச்சை இத்தகைய ஊர்களுக்கு எட்டாதது. வீட்டிலேயே பயன்படுத்தும் கருவிகளின் சிறப்பு இங்குதான் விளங்குகிறது. விலை குறைந்தால் மட்டுமே அவை தோட்டத் தொழிலாளியின் கைக்கு வரும்.