மகரக்கட்டும் மேடையும்



தெப்ராவில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் பயின்று, இப்போது இடைநிலைப்பள்ளியில் முதலாம், இரண்டாம் படிவங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு வார இறுதியில் நாடகம் கற்பித்து வருகிறேன். நன்கு வசனம் பேசும் மாணவன் ஒருவன் திடீரென ஒத்திகைக்கு வர மறுத்தான். குரல் உடைந்திருந்தது, உடன் நடிப்பவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இச்சிக்கல் புதியதன்று. நம் நாடக உலகம் இதற்கு 'மகரக்கட்டு' என்று பெயரே வைத்திருந்தது.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அக்கால நடிகர் பலர் எழுதிய வசனத்தை விட்டு, மேடையில் தம் போக்கில் வாதம் செய்வர். சிறுவர்களோ கற்பித்தபடி நடிப்பர். அந்தச் சபையில் ஆறு வயதில் சேர்ந்தவர் தி. க. சண்முகம். அவருக்காகவே சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதினார் என்பர். பிள்ளையை அளந்து பாத்திரம் படைத்த வாத்தியார் அவர்.

ஆயினும் பாய்ஸ் கம்பெனிகளுக்கு மறுபக்கமும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில், கடைசி வரிசை வரை எட்டும் கணீர்க் குரலே சிறுவனின் மூலதனம். பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். மகரக்கட்டு வந்தால் முதன்மை வேடம் பறிபோகும். பெற்றோரைப் பிரிந்து, பள்ளிப் படிப்பையும் விட்டு வந்த பிள்ளைக்கு அது எத்தகைய இடி!

நம் வகுப்பு கம்பெனியன்று. சீட்டு விற்று நடத்துவதுமன்று. ஆகவே குரலுக்கேற்பப் பாத்திரத்தை மாற்றும் உரிமை நமக்கு உண்டு. சுவாமிகளே இளமையில் எமன், இராவணன், இரணியன் முதலிய வேடங்களில் நடித்தவர். நானும் அம்மாணவனுக்கு எமன் வேடம் தந்தேன். பாடல்களை நீக்கி, வசனங்களைச் சிறு சிறு வாக்கியங்களாக்கினேன். ஒத்திகையில் எவர் குரலையும் எள்ளக்கூடாது என்பதை முதல் விதியாக்கினேன். மகரக்கட்டு என்றால் என்னவென்று எல்லாருக்கும் விளக்கினேன்.

சிறுவன் சண்முகம் வளர்ந்தபின் மூதாட்டி வேடம் பூண்டு, 'ஔவை சண்முகம்' என்றே பெயர் பெற்ற வரலாற்றையும் சொன்னேன்.

மறுவாரம் அவன் வந்தான். குரல் இன்னும் உடைந்துதான் இருந்தது. எவரும் சிரிக்கவில்லை.

பெற்றோர்களே, இவ்வயதில் பிள்ளை திடீரென மேடையை வெறுத்தால், ஆர்வம் போயிற்று என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலில் அவன் குரலைக் கேளுங்கள்.