கல்லை உடைக்கும் செடி

சாக்ஸிஃப்ரேஜ் என்று ஒரு செடி. லத்தீனில் 'கல்லை உடைப்பது' என்று பொருள். பாறை இடுக்கில் வளர்வதால் வந்த பெயர் என்பார்கள். சிறுநீர்ப்பைக் கல்லை உடைக்கும் என்று பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் நம்பியதால் வந்தது என்றும் சொல்வார்கள். நம் ஊரில் கல்லுருக்கி இருக்கிறதே, அதுபோலத்தான். வடமொழியில் பாஷாணபேதம் என்னும் இமயமலைச் செடி இதே குடும்பம்; பெயருக்கும் அதே அர்த்தம்!

இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் மகன் வீட்டுக்கு முதல்முறை போனபோது இந்தச் செடி என் கைக்கு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எண்பது வயதுக்கு மேல். கற்களை அடுக்கி ஒரு பாறைத் தோட்டம் வைத்திருந்தார். அதில் தரையோடு படர்ந்த ஒரு செடி. ரோஜா இதழ் போல அடுக்கடுக்கான இலை, அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தது போலப் புள்ளிகள். 'லண்டன் பிரைட்' என்றார். ஒரு கொத்தைப் பிய்த்துக் கொடுத்து, "முழுப் பச்சையாக வருவதைக் கிள்ளிவிடுங்கள்" என்றார்.

பிரனீஸ் மலைச் செடி ஒன்றும், அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் வளரும் செடி ஒன்றும் கலந்து பிறந்தது இது. நிழல், நகரத்துப் புகை, சத்தில்லாத மண் எல்லாவற்றையும் தாங்கும். 1941-ல், குண்டு வீச்சில் லண்டன் இடிந்து கிடந்தபோது, நோயல் கவர்ட் இதன் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார்.

பாறைத் தோட்டத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. லண்டன் செல்சீ மூலிகைத் தோட்டத்தில் 1770-களில் ஒன்று கட்டினார்கள். ஜோசப் பேங்க்ஸ் ஐஸ்லாந்திலிருந்து கொண்டுவந்த எரிமலைக் கல்லும், லண்டன் கோட்டையின் பழங்கல்லும் அதில் இருக்கின்றன. பிற்பாடு இந்தக் கலையை ஊரெங்கும் பரப்பியவர் யார்க்‌ஷயர்க்காரரான ரெஜினால்ட் ஃபாரர். இலங்கைக்கு வந்து பௌத்தரானவர். கல்லைக் குவித்து வைத்தால் தோட்டமாகாது, மலையில் இருப்பது போலப் பதிக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது என்பது அவர் கட்சி. துப்பாக்கியில் விதையை அடைத்துப் பாறை முகட்டில் சுட்டு விதைத்தார் என்று ஒரு கதை உண்டு. 1919-ல் அவருடைய பெரிய நூல் வந்தது. மறு வருடமே, செடி தேடிப் போன பர்மா மலையில் காலமானார். வயது நாற்பது.

ஆனால் புள்ளிச் செடியைத் துப்பாக்கியால் விதைக்க முடியாது. விதை போட்டால் அந்தப் புள்ளி வராது. கொத்தைப் பிரித்து ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்தால்தான் உண்டு. இன்றைக்கு இருக்கும் ஒவ்வொரு செடியும் யாரோ கையால் கொடுத்ததன் மிச்சம்தான்.

இது எனக்கு அப்போது தெரியவில்லை. பச்சை என்றால் செழிப்புதானே, அதைப் போய்க் கிள்ளுவார்களா என்று விட்டுவிட்டேன். மகனிடமும் சொல்லவில்லை. மஞ்சள் பட்ட இடத்தில் பச்சையம் குறைவு. அதனால் பச்சைக் கொத்துதான் வேகமாக வளரும், மற்றதை அமுக்கிவிடும்.

இரண்டு வருடம் கழித்துப் போனேன். அந்த அம்மாள் முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டார். வீடு கைமாறி, பாறைத் தோட்டம் இருந்த இடத்தில் கார் நின்றது. ஓடிப்போய் எங்கள் பாத்தியைப் பார்த்தேன். ஒரே பச்சை. குனிந்து தேடியதில், ஓரமாக ஒரே ஒரு கொத்தில் மட்டும் புள்ளி இருந்தது. அதைப் பிரித்து, மணலும் பொடிக்கல்லும் கலந்து, இரண்டு கல்லுக்கு நடுவில் தனியாக நட்டேன். இந்த முறை மருமகளிடம் விவரமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது ஆறு கொத்து ஆகியிருக்கிறது. போன மாதம் மருமகள் ஒன்றைச் சிறு தொட்டியில் வைத்து அந்த அம்மாளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வாங்கிக்கொண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பச்சையைக் கிள்ளினீர்களா?"