பிழைக் காசும் பழுதுற்ற காசும்

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். அடித்தவர் நேர்மையே காசின் மதிப்பு என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர் போலும். இந்நாளில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் பலர் பழங்காசு சேர்ப்பதில் ஆர்வங் கொண்டுள்ளனர். 'அக்கசாலையில் நேர்ந்த பிழை, கிடைத்தற்கரியது' என்று கூறி, அடிபட்ட காசுகளை அவர்கள் தலையில் கட்டுவோரும் உளர். மறுபுறம், பாட்டியின் பெட்டியிலிருந்த அரிய காசை அறியாது பழைய வெள்ளியோடு எடைக்குப் போடும் இல்லங்களும் உண்டு. இவ்விரு இழப்பையும் தவிர்க்கச் சிறிது வரலாறும் சிறிது தொழில் நுட்பமும் அறிதல் நலம்.

நாம் வாழும் கல்கத்தா மாநகருக்கும் காசுக்கும் உள்ள தொடர்பு நெடியது. ஸ்ட்ராண்டு சாலையிலுள்ள பழைய அக்கசாலை 1829-இல் தொடங்கப்பெற்றது. அலிப்பூரிலுள்ள இன்றைய அக்கசாலை 1952-இல் திறக்கப்பெற்றது. சென்னையிலும் ஓர் அக்கசாலை இருந்தது. அது 1869-இல் மூடப்பட்ட பின்னும், தங்கசாலைத் தெரு அதன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. குடியரசுக் காசுகளில் ஆண்டின் கீழ்ச் சாய்சதுரம் இருப்பின் பம்பாய். விண்மீன் இருப்பின் ஐதராபாத். சிறு புள்ளி இருப்பின் நொய்டா. கல்கத்தாக் காசுக்குக் குறியே இல்லை. எனவே 'குறி விடுபட்ட பிழைக் காசு' என்று எவரேனும் நீட்டினால், அது நம் ஊர்க் காசு என்று புன்னகையோடு விடை கூறலாம்.

காசு பிறக்கும் முறையை அறிந்தால் பிழை எங்கே நேரும் என்பது தானே விளங்கும். முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன. அவற்றின் ஓரம் சற்று உயர்த்தப்படுகின்றது. பின்னர், மேலும் கீழும் இரண்டு அச்சுகளும் சுற்றிலும் ஒரு வளையமும் சூழ, பேரழுத்தத்தில் வில்லை அடிக்கப்படுகின்றது. இந்நிலைகளுள் ஒன்றில் நேர்ந்ததே பிழை. அக்கசாலையை விட்டு வெளிவந்த பின் நேர்ந்தது எதுவாயினும் பழுதே.

அச்சில் பள்ளமானது காசில் மேடாகும் என்பது முதல் விதி. அச்சு விரிசல் கண்டால் காசில் மெல்லிய கோடு எழும்பி நிற்கும். கீறலோ காசில் பள்ளமாய் இறங்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியொன்றே இதனைக் காட்டிவிடும். இரண்டாவது, பிறைக் குறை. தகட்டில் முன்பே வெட்டிய துளையின்மீது வெட்டுங்கருவி மறுபடியும் ஏறினால் வில்லை பிறைபோல் குறைவுபடும். அத்தகைய காசில், குறைக்கு நேர் எதிரேயுள்ள விளிம்பும் பெரும்பாலும் மங்கியிருக்கும். ஓரம் உயர்த்தும்போது அவ்விடத்துக்கு எதிர் அழுத்தம் கிட்டாமையே காரணம். அரத்தால் அராவிய காசில் எதிர் விளிம்பு கூர்மையாகவே நிற்கும். மூன்றாவது, எதிருருக் காசு. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையில் அதன் உருவம் கண்ணாடியிற் காண்பதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாய்ப் பதியும். இரண்டு காசுகளைப் பட்டறைப் பிடிப்பானில் வைத்து நெருக்கியும் இதுபோல் செய்கின்றனர். ஆயின் அதில் காசின் சொந்த உருவத்தின் எச்சம் அடியில் தெரியும். மேடான பகுதிகள் நசுங்கியிருக்கும்.

விந்தையாய்த் தோன்றுவதெல்லாம் பிழையும் அன்று, பழுதும் அன்று. போர்க்காலத்தில் உலோகத்தைச் சிக்கனப்படுத்த 1943 முதல் 1947 வரை அடித்தது நம் பேச்சில் இன்றும் வாழும் ஓட்டைக் காலணா. அதன் துளை அக்கசாலையே இட்டது. நடுவில் ஒழுங்காய் அமைந்திருக்கும். மாலையில் கோக்கத் தட்டான் இட்ட துளையோ உருவத்தையும் எழுத்தையும் ஊடறுத்துச் செல்லும். 1957 ஏப்ரல் 1-இல் பிறந்த நயா பைசாவும் அவ்வாறே. 1962-ஆம் ஆண்டிட்ட ஒரு நயா பைசா வெண்கலத்திலும் உண்டு, நிக்கல் பித்தளையிலும் உண்டு. நிறம் வேறாயிருப்பது உலோக மாற்றமேயன்றிப் பிழையன்று.

அச்சு அடித்தவர் கை தவறாமலே குற்றம் நேர்ந்ததற்கு 1911-ஆம் ஆண்டு ரூபாய் சான்று. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அணியிற் பொறித்த யானை, பன்றிபோல் தோன்றியது. மக்கள் மனம் புண்பட்டது. சுமார் 7 லட்சம் காசுகளே புழக்கத்துக்கு வந்தன, எஞ்சியவை உருக்கப்பட்டன. 1912-இல் யானை திருத்தி வரையப்பெற்றது. இது வடிவத்தின் குறை, அடிப்பின் பிழையன்று.

காசுமாலையிலிருந்து கழற்றிய வெள்ளி ரூபாய்களில் பற்றுவைத்த தழும்பு விளிம்பில் எஞ்சியிருக்கும். அது பழுதாயினும் குடும்ப வரலாறு. விற்பனைக்கு மதிப்புக் குறையலாம், வீட்டுக்குக் குறையாது. அவ்வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம். ஒரு சிறு தராசு இருந்தால், அராவியதும் பூச்சிட்டதும் பெரும்பாலும் வெளிப்படும். புளியிட்டுத் துலக்குவதை மட்டும் அருள்கூர்ந்து தவிர்க்க வேண்டும்; நூறாண்டு நிறம் ஒரு நொடியில் போய்விடும், பின் மீளாது.

2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் காசை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கின்றது. காசை நசுக்கிப் பிழையெனப் புனைவோர், வாங்குபவரை மட்டுமன்றி நாட்டின் முத்திரையையும் அவமதிக்கின்றனர். 'இப்பிழை அக்கசாலையின் எந்தப் படியில் நேர்ந்தது?' என்று விற்பவரைக் கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஊட்டுவோம். விடை கிட்டாத காசுக்கு விலையும் வேண்டா. பொருளைக் காக்கவும், பொய்யை அறியவும், மெய்யைப் போற்றவும் இவ்வொரு கேள்வி துணை நிற்கும்.